முப்பத்திரண்டு ஒட்டுகள்

ஜூன் 9, திங்கள்

நான் வேலை பார்க்கும் சோதனை ஏஜென்சிக்குத் தினமும் அறிக்கை அனுப்ப வேண்டும். எந்த வெல்டு, எத்தனை மீட்டர், தேறியதா, தேறவில்லையா. வேறு எதற்கும் அதில் கட்டம் இல்லை. கட்டத்தில் அடங்காததை எழுத இந்த நோட்டு.

துவாக்குடி யார்டில் இது ஐந்தாவது வாரம். குவாஹாத்தியில் பதினெட்டு மாடி மருத்துவமனை ஒன்று வருகிறது. முழுக்க இரும்பு. தூணையும் பீமையும் இங்கே செய்து லாரியில் அனுப்புகிறோம், அங்கே போல்ட் போட்டு நிறுத்துகிறார்கள். வெல்டுக்குள் ஒலியை அனுப்பி, விரிசல் இருந்தால் கண்டுபிடிப்பது என் வேலை. பசையைத் தடவி, கருவியை வைத்து, திரையைப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு ஸ்கேன் எடுப்பதுபோலத்தான் இருக்கும். வெல்டர் காஜா மைதீன் தினமும் கேட்கிறார்: "என்ன டாக்டரம்மா, ஆணா பொண்ணா?"

"சொன்னா ஜெயிலுண்ணே."

பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று மேனேஜர் சபேசனிடம் மூன்றாவது முறையாகக் கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேக்கலையேம்மா" என்றார். பெயிண்ட் அடிக்கும் ஆறு பெண்கள் பத்து வருடமாக ஹைவேயைத் தாண்டிப் பெட்ரோல் பங்குக்குப் போய் வருகிறார்கள். கேட்காதது அவர்கள் தப்பாம்.

ஜூன் 12, வியாழன்

கட்டிங் ஷெட்டிலிருந்து முதல் நான்கு பீம்கள் வந்தன. எட்டு மீட்டர் நீளம். மேலே ஒரு தட்டைத் தகடு, கீழே ஒரு தட்டைத் தகடு, நடுவில் நிற்கும் தகடு. இரண்டு முனைகளுக்கும் அருகே, மேல் தகட்டிலும் கீழ்த் தகட்டிலும், இரு ஓரங்களையும் பிறை மாதிரி வெட்டி எடுத்திருந்தது. பீமுக்கு இடுப்பு வைத்ததுபோல. தூணோடு சேரப்போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இரும்பைக் குறைத்தால் எந்த முட்டாள் ஏற்றுக்கொள்வான்?

கட்டிங் மெஷின் பிரான்சிஸுடையது. போன மாதம் துளைகளை இடம் மாற்றிப் போட்டதற்கு ஒரு எச்சரிக்கை வாங்கியிருக்கிறான். இன்னொரு தப்பு என்றால் மறுநாள் காலை கேட்டில் அவன் பாஸை மெஷின் ஏற்காது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு இங்கே விசாரணை அவ்வளவுதான். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சிவப்பு விளக்கு எரியும். வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அதனால் இந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. தப்பு வெட்டைப் பார்ப்பவர் மேனேஜரிடம் போகமாட்டார், காஜாவிடம் போவார். காஜா அதே கனத்தில் துண்டு வெட்டி, பொருத்தி, வெல்டு வைத்து, தேய்த்துவிடுவார். மேலே பெயிண்ட் ஏறிவிட்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. இதற்குப் பெயர் ஒட்டு. சங்கம் இல்லாத இடத்தில் இதுதான் சங்கம்.

இன்றைக்கும் யாரோ காஜாவின் காதில் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வரமாட்டார், அன்றைக்கு முடித்துவிடலாம் என்றாராம்.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. யார்டுக்குப் போனேன். "உனக்கு இன்னைக்கு என்னடி வேலை?" என்றாள் அம்மா. மிச்ச வேலை என்றேன்.

காஜாவும் ஃபிட்டர் திபெனும் காலை ஏழிலிருந்து மாலை ஆறுவரை நிமிரவில்லை. ஒரு பீமுக்கு எட்டு வெட்டு, நான்கு பீமுக்கு முப்பத்திரண்டு. பிரான்சிஸுக்கு விஷயமே தெரியாது. தெரிந்தால் வெட்கப்படுவான், சொல்லவேண்டாம் என்று காஜா சொல்லிவிட்டார்.

பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, "காவலுக்கு டாக்டரம்மா இருக்கறப்ப நமக்கென்ன" என்று சிரித்தார். நான் காவல் இருக்கவில்லை. கேட்டுப் பக்கம் நிழல் இருந்தது, அங்கே நின்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

முப்பத்திரண்டையும் சோதித்தேன். ஊசி முனை அளவு குறைகூட இல்லை. தேறியது, தேறியது என்று முப்பத்திரண்டு முறை கையெழுத்து.

ஜூன் 18, புதன்

தனபாக்கியம் அக்கா அந்த நான்கு பீமுக்கும் பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் பெண்களில் மூத்தவர். தூரிகையை நிறுத்தி, "இது எதுக்கு கண்ணு இங்க மட்டும் மினுமினுன்னு தேச்சிருக்கு?" என்றார்.

"அடிங்கக்கா, நேரமாகுது" என்றேன்.

சபேசன் மாதிரியே பேசியிருக்கிறேன்.

மதியம் திபென் நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னான். அவன் ஊர் குவாஹாத்திக்கு அறுபது கிலோமீட்டரில் இருக்கிறது. இங்கே வந்து ஆறு வருடம். அவன் தமிழில் வினைச்சொல் எல்லாம் ஒரே காலத்தில் இருக்கும், ஆனால் புரியாமல் போகாது.

"காலைல டீ குடிக்குது. குளத்துல தண்ணி மேல வருது, கரைக்கு வருது. காத்து இல்ல, ஒண்ணும் இல்ல. அப்புறம் வீடு ஆடுது. அம்மா கதவு பிடிக்குது. நான் அம்மா பிடிக்குது."

"எத்தனை நேரம்?"

"அரை நிமிஷம். ஆனா அக்கா, அன்னிக்கு முழுக்க எனக்கு உள்ள ஆடுது."

அந்த மருத்துவமனை வந்தால் அம்மாவின் டயாலிசிஸ் அங்கேதான் என்றான். வாரம் இரண்டு முறை, ஆறாவது மாடி. இப்போது இடம் கிடைத்த ஊருக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் போகிறாளாம்.

நான்கு பீமும் ஆறாவது மாடிக்குத்தான். பீமின் பக்கவாட்டில் எழுதியிருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

டிரெய்லர் கிளம்பியது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். காஜா பீமைத் தட்டிக்கொடுத்து, "போய்ட்டு வாடா ராசா" என்றார்.

ஜூன் 26, வியாழன்

அடுத்த ஆறு பீம்கள் வந்தன. அதே இடத்தில் அதே பிறை. நாற்பத்தெட்டு வெட்டு. மில்லிமீட்டர் பிசகவில்லை.

தப்பு என்பது இவ்வளவு ஒழுங்காக வராது.

பிரான்சிஸிடம் போனேன். போன தடவையே இப்படித்தான் வெட்டினாயா என்று கேட்டதும் முகம் கறுத்துவிட்டது. "இங்க பாருங்கக்கா" என்று திரையைத் திருப்பிக் காட்டினான். சென்னை டிசைன் ஆபீசிலிருந்து வந்த ஃபைல். பிறை அதிலேயே இருந்தது. "நான் வெட்டல, அவங்க வெட்டச் சொன்னாங்க. துளை தப்பானதுலேர்ந்து நான் மூணு தடவை பாத்துட்டுத்தான் மெஷின தொடுறேன்."

ஜூன் 27, வெள்ளி

வரைபடத்தின் மூலையில் ஒரு போன் நம்பர் உண்டு. இதுவரை யாரும் அதைக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. டிசைன் என்ஜினீயர் சாருமதி எடுத்தார். துவாக்குடி யார்டு என்றதும் ஆச்சரியப்பட்டார்.

பீமில் ஏன் அந்த வெட்டு என்று கேட்டேன்.

"உங்க வீட்டுல ஃபியூஸ் இருக்கா?"

"இருக்கு."

"கரண்ட் கூடிப்போனா வயர் முழுக்க எரியக்கூடாதுன்னு, ஒரு எடத்துல மட்டும் மெல்லிசா கம்பி வைக்கறோம்ல? அதுதான் இது. பூமி ஆடுறப்ப கட்டடமும் ஆடும். நம்ம பதினெட்டு மாடி ஒரு தடவை போய்த் திரும்ப ரெண்டரை செகண்ட் ஆகும். ஆடுறது தப்பே இல்ல. ஆனா பூமி உள்ள தள்ளுன சக்தி எங்கயாவது செலவாகணும். செலவாக வழி இல்லன்னா ஆட்டம் கூடிக்கிட்டே போகும். எங்க செலவாகணும்னு நாம முடிவு பண்ணலன்னா அதுவே ஒரு எடத்த எடுத்துக்கும். அநேகமா தூண்கிட்ட இருக்கற வெல்டு. அது பட்டுன்னு விட்டுட்டா மாடி இறங்கிடும்."

"இடுப்பு இருந்தா?"

"இடுப்பா? ஓ, நல்லா இருக்கே. அந்த இடுப்பு வளையும், திரும்பி வளையும், சூடாகும். சக்தி அந்தச் சூட்டுலயே கரைஞ்சுடும். பீம் கெட்டுப்போகும், அப்புறம் மாத்திக்கலாம். தூண் நிக்கும். ஜனங்க வெளிய வந்துடுவாங்க."

"அந்த எடத்துல யாராவது வெல்டு வச்சா?"

"ஒரு பொட்டுகூட வைக்கக் கூடாது. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

இதையெல்லாம் ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்றேன். வரைபடத் தொகுப்பில் நாற்பத்தேழாம் பக்கத்தில் படத்தோடு போட்டிருக்கிறோமே என்றார். எங்களுக்கு வருவது முப்பது பக்கம். மீதி சபேசனின் பீரோவில் இருக்கிறது. வெல்டு வைப்பவனுக்கு எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தால் போதும், ஏன் என்று எதற்கு? இதுதான் இந்த நாட்டில் எல்லா வேலைக்கும் சட்டம்.

கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குச் சௌகரியம். வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

ஜூன் 28, சனி

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் பார்த்தேன். முழங்காலைத் தளர்த்தி நின்றவர்கள் ஆடி நின்றார்கள். விறைப்பாக நின்ற ஒரு போலீஸ்காரர் மட்டும் பூக்கூடை மேல் விழுந்தார்.

எங்கள் வீட்டில் அப்பா ஒருமுறை, ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்தார். அதன் பிறகு ஃபியூஸ் போகவே இல்லை. ஒரு மாதத்தில் மீட்டர் பலகையே எரிந்தது. அப்பாவும் நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்.

காஜாவிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். முதலில் சிரித்தார்.

"என் வெல்டு உடையாதும்மா. நீயே பாத்தியே."

"அதுதாண்ணே பிரச்சினை. அது உடையாது. வேற எதோ உடையும்."

ஃபியூஸ் கதையைச் சொன்னேன். அப்பா கம்பி சுற்றியது வந்ததும் சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது. கீழே கிடந்த கட்டுக்கம்பியை எடுத்து இப்படியும் அப்படியும் பத்துமுறை மடக்கினார். மடக்கிய இடத்தைத் தொட்டுப் பார்த்து விரலை உதறினார். என்னிடம் நீட்டினார். சுட்டது.

"இந்தச் சூட்டுக்குத்தான் அந்த எடம்" என்றார். கேள்வி இல்லை அது. சாருமதி கால் மணிநேரம் சொன்னதை இந்த மனிதர் ஒரு கம்பியில் முடித்துவிட்டார். இவரிடம்தான் நாற்பத்தேழாம் பக்கத்தைக் காட்டக் கூடாதாம்.

பேசாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது. சோதனை அறிக்கை தேறியது என்கிறது. பூமி ஆடாமலே போகலாம். பத்து வருடம், ஐம்பது வருடம். இரண்டு பேருமே இதை நினைத்தோம் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

எதிரே திபென் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். காஜா அவனையே பார்த்தார்.

"வண்டி எங்க போயிருக்கும்?"

"வங்காளம் தொட்டிருக்கும்."

"திங்கக்கிழமை சொல்லிருவோம்" என்றார்.

ஜூன் 30, திங்கள்

நானும் காஜாவும் சொன்னதைச் சபேசன் முழுக்கக் கேட்டார். பிறகு, "இன்னும் பலமாத்தானேம்மா ஆயிருக்கு? யாராவது பலத்துக்குப் புகார் குடுப்பாங்களா?" என்றார்.

விளக்கினேன். சென்னைக்குச் சொல்லவேண்டாம், வண்டி போய்ச் சேரட்டும் என்றார். நான் சாருமதிக்குக் காலையிலேயே எழுதி அனுப்பிவிட்டேன் என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

சந்தோஷம் ஒரு நிமிடம்தான். பிரான்சிஸையும் திபெனையும் வரச்சொன்னார். "சரி. யாரு ஒட்டச் சொன்னது?"

பிரான்சிஸ் தரையைப் பார்த்தான். தனக்காக நடந்தது என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. திபெனுக்குப் பாதி புரிந்தது.

"நாந்தான் சார்" என்றார் காஜா. "தப்பு வெட்டுன்னு நானே நெனச்சேன். நானே வச்சேன்."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

கேட்டில் காஜாவின் பாஸுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஜூலை 2, புதன்

சாருமதி ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். என்ன நடந்தது, எப்போது கண்டீர்கள், காரணம் என்ன. 'காரணம்' என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: வரைபடத்தின் முக்கியப் பக்கம் தொழிலாளர்களுக்குத் தரப்படவில்லை. தவறுக்கு விசாரணையின்றி வேலை நீக்கம் என்ற பயம் இருந்தது. பலவீனத்தின் நோக்கம் யாருக்கும் விளக்கப்படவில்லை.

எல்லாம் உண்மை. திரும்பப் படித்தேன். ஒரு பெயரும் இல்லாத உண்மை. சபேசன் படித்தால் பொய் என்று சொல்ல முடியாது, நான் படித்தால் உண்மை என்று சொல்ல முடியாது.

ஜூன் பன்னிரண்டாம் தேதி 'யாரோ காஜாவின் காதில் போட்டிருக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறேன். அந்த யாரோ நான்தான். வெட்டை முதலில் பார்த்தவள் நான். "கட்டிங்ல மறுபடியும் சொதப்பிட்டாங்கண்ணே, மேனேஜர் பாக்கறதுக்குள்ள முடிச்சிருங்க" என்று சொன்னவள் நான். ஒரு தொழிலாளியைக் காப்பாற்றுகிறேன் என்று பெருமையாக இருந்தது. பிரான்சிஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஃபைலைக் காட்டியிருப்பான். வரைபடத்தில் மூன்று எழுத்துச் சுருக்கம் ஒன்று இருந்தது. அர்த்தம் தெரியவில்லை. தெரியவில்லை என்று கேட்க எனக்கு வெட்கம். கேள்வி கேட்கவிடாத ஆட்களைத் திட்டிக்கொண்டே நானும் கேட்காமல் இருந்தேன்.

நோட்டில்கூட இருபது நாள் பொய் சொல்லியிருக்கிறேன். இதை யார் படிக்கப்போகிறார்கள்?

ஜூலை 3, வியாழன்

புதுப் படிவம் எழுதினேன். காரணம்: 'ஜெசிந்தா, சோதனையாளர். ஒட்டச் சொன்னது நான். ஒட்டியதைத் தேறியதாக எழுதியதும் நான்.' அதற்குக் கீழே நேற்று எழுதிய மூன்று வரியையும் அப்படியே வைத்தேன். அவையும் உண்மைதானே. சபேசனுக்கு ஒரு பிரதி, ஏஜென்சிக்கு ஒரு பிரதி.

டிரெய்லரை சிலிகுரியில் நிறுத்திவிட்டார்கள்.

பிரான்சிஸ் காலையிலிருந்து மெஷினைப் போடவில்லை. "எனக்காக ஒட்டுனவர் வெளிய நிக்கறாரு. அவரு வந்தா போடுறேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். சபேசன் கத்தினார். பதினொரு மணிக்கு வெல்டிங் ஷெட்டும் ஓய்ந்தது. இந்த யார்டில் குருவிச் சத்தம் கேட்டது இன்றைக்குத்தான்.

ஜூலை 4, வெள்ளி

சாருமதி வந்தார். குரலை வைத்துப் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். என்னைவிட ஐந்து வயது கூட இருக்கும், கையில் டிபன்பாக்ஸ் பை. சபேசன் ஏ.சி. அறையைத் திறந்து வைத்திருந்தார். சாருமதி நேராக வெல்டிங் ஷெட்டில் வந்து நின்றார்.

"அந்த நாலு பீமும் வேண்டாம். தேய்ச்சு எடுத்தாலும் அந்த எடத்துல வெல்டோட சூடு இரும்ப மாத்தியிருக்கும். புதுசா செய்யணும். தப்புல எங்க பங்கும் இருக்கு. நாப்பத்தேழாம் பக்கம் உங்க கைக்கு வந்துச்சான்னு நாங்க கேக்கல."

பிறகு கேட்டார்: "யாரு வச்சது இந்த வெல்டு? ஸ்கேன் படத்தப் பாத்தேன், ஒரு குறை இல்ல."

காஜா மைதீன் என்று நான் சொன்னேன். எங்கே அவர் என்றார். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் என்றேன்.

"கூட்டிட்டு வாங்க. தூணும் பீமும் சேர்ற எடம் உடையவே கூடாது. பீம் முனையில போல்ட் தகட்டுக்கு இங்கதான வெல்டு வைக்கறீங்க? இடுப்பு வளையற வரைக்கும் அந்த வெல்டு தாங்கினாத்தான் இந்த ஏற்பாடே வேலை செய்யும். அதுக்கு இந்தக் கை வேணும்."

சபேசன் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் கவனமாகக் கேட்டார் என்று நினைக்கிறேன். பாஸுக்கு உடனே பச்சை விளக்கு. நியாயத்தால் வரவில்லை, தேவையால் வந்தது. பரவாயில்லை, வந்தது.

காஜா உள்ளே வந்து எல்லோருக்கும் கம்பி வித்தையைக் காட்டினார். ஆளுக்கு ஒரு கட்டுக்கம்பி. நாற்பது பேர் கம்பியை மடக்கி, தொட்டுப் பார்த்து, "ஸ்ஸ்" என்றார்கள். திபென் மட்டும் மடக்கிக்கொண்டே இருந்தான். அவன் அம்மாவைப் பற்றிச் சாருமதியிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். கம்பி உடைந்ததும் கேட்டான்: "உடையுதே?"

"உடையும்" என்றார் சாருமதி. "நீங்க எத்தனை தடவை மடக்குனீங்க?"

"நாப்பது."

"அம்மா படியிறங்க அவ்வளவு போதுமா?"

திபென் கொஞ்சம் யோசித்தான். "மெதுவா இறங்குது. ஆனா போதும்" என்றான்.

ஜூலை 7, திங்கள்

ஏஜென்சி கடிதம். இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தம், அதன் பிறகு மறுதேர்வு. நியாயம்தான்.

கிளம்பும்போது காஜா கேட்டுவரை வந்தார். "எதுக்கும்மா எழுதுன? நான்தான் தலையக் குடுத்துட்டேன்ல."

"நீங்க ஏண்ணே என் பேரைச் சொல்லல?"

"ஒட்டு போட்டே பழகிடுச்சு" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், "எழுதுனது நல்லதுதான்" என்றார்.

ஜூலை 12, சனி

அம்மாவோடு அரிசி புடைத்தேன். வேலை போய்விட்டதா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஆமாம் என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை அவர்களுக்கு.

ஜூலை 18, வெள்ளி

மதியம் காஜா போன் செய்தார். பின்னால் கிரைண்டர் சத்தம், கத்திக் கத்திப் பேசினார்.

புது நான்கு பீமும் தயார். இடுப்புப் பகுதியைச் சுற்றி மஞ்சள் கோடு. அதில் தமிழில் தனபாக்கியம் அக்கா எழுதினார்: 'இங்கே எதையும் ஒட்டாதே.' பக்கத்தில் அசாமியில் திபென் எழுதினான். அங்கே பொருத்துகிறவர்கள் படிக்க வேண்டும் அல்லவா? இது யாருக்கும் தோன்றவில்லை, அவனுக்குத்தான் தோன்றியது. நாற்பத்தேழாம் பக்கம் வெல்டிங் ஷெட் சுவரில் ஒட்டியிருக்கிறது.

"அது கெடக்கட்டும், இன்னைக்கு நடந்ததக் கேளு" என்றார். பெயிண்ட் ஷெட்டுக்கு வேறொரு வேலையின் தகடு வந்ததாம். ஓரத்தில் வரிசையாக நீளத் துளைகள், எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. சபேசன், அடிங்க, நேரமாகுது என்றாராம்.

"தனபாக்கியம் அக்கா தூரிகைய டப்பா மேல வச்சிட்டாங்க. 'இது என்னன்னு சொன்னாத்தான் சார் அடிப்பேன்'னு கைய கட்டி நிக்கறாங்க. கூட அஞ்சு பொம்பளைங்களும்."

"அவரு என்ன சொன்னாரு?"

"அவருக்கும் தெரியலம்மா! பீரோவத் திறந்து தேடிக்கிட்டு இருக்காரு."

கிரைண்டர் சத்தத்தை மீறி அங்கே யாரோ சிரிப்பது கேட்டது. தேடி முடிக்கட்டும், அடுத்த கேள்வி கழிப்பறை என்று அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன்.

"அத ஏற்கெனவே கேட்டாச்சு" என்றார் காஜா.